ததேயுஸ் வீட்டு முற்றம்

முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், வள்ளத்தில் ஏறினாலே வாந்தியெடுக்கும் மீன்பிடிக்காரர் ததேயுஸ். கடல் அவரை வேண்டாமென்றது. கரையிலோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. 2009-ல் மண்ணின் கதிர்வீச்சை அளக்க அருமனையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி பிரீனா, மீட்டர் தூக்க ஆள் தேடியபோது ஊரே அவரைக் கைகாட்டியது.

அந்த மீட்டருக்கு ஒரு குணம்: கதிர்வீச்சுள்ள கறுமணலைக் கண்டால் கிர்ரென்று கத்தும். ஊராருக்கும் ஒரு குணம்: தன் வீட்டில் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள், பக்கத்து வீட்டில் எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

"பயப்படாதீங்க, இது இயற்கையா உள்ளதுதான்" என்பாள் பிரீனா.

"கடலும் இயற்கையா உள்ளதுதான் மோளே. எங்க மாமனைத் திருப்பித் தரல்லியே" என்பாள் மீன் விற்கும் கிளாரா.

எல்லா முற்றத்திலும் மீட்டரை வைத்த ததேயுஸ், தன் முற்றத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். திருவிழாவுக்கு முந்தின வாரம் முற்றத்தில் புது மணல் விரிப்பது அந்த ஊர் வழக்கம். எவன் முற்றம் அதிகம் மினுங்குகிறதோ அவனே பெரியவன். அலை குவித்த கறுமணலாகத் தேடிச் சுமந்து, மூன்று வருடமாக அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்காதவர் அவர். இப்போது அதில் மகன் லிஜின் தவழ்கிறான். கைநிறைய அள்ளித் தின்னவும் செய்கிறான்.

ஒரு சனிக்கிழமை பிரீனா மீட்டரை அவர் வீட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். மனைவி கிரேசி பிடித்துக்கொண்டாள்.

"ஊரு முழுக்க அளந்தியளே, நம்ம முற்றம் என்ன பாவம் செய்தது?"

"நாளைக்குப் பூசை முடிஞ்சு பாக்கலாம் பிள்ளே."

"பூசை முடிஞ்சா மணலு மாறிருமா? வையுங்க."

வைத்தார். ஊரில் எங்கும் கத்தாத கத்து கத்தியது. லிஜினுக்கு ஒரே சிரிப்பு. சத்தம் வந்த பக்கம் தவழ்ந்தான். கிரேசி பாய்ந்து அவனை இடுப்பில் தூக்கினாள். ததேயுஸ் மண்வெட்டி எடுத்து ஒரு கூடை மணல் அள்ளிவிட்டார். எங்கே தட்டுவது?

வேலிக்கு அப்பால் மரியஜான் தலை முளைத்தது. "ஏலே, இங்கன தட்டினா கொன்னுபோடுவேன்."

"கடல்லதான் தட்டப்போறேன்."

"கடலு அதை நாளைக்கே என் வாசல்ல கொண்டு போடும், பாத்துக்க."

அதற்குள் கிரேசி பையோடு புறப்பட்டு நின்றாள். "ஆரல்வாய்மொழிக்கு, மலைப்பக்கம் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"அங்கன போனா எல்லாம் சரியாயிருமா?"

"அளந்து பாத்துட்டுத்தான் பிள்ளையக் கீழ விடுவேன்" என்று மீட்டரைப் பிடுங்கி, பால்குப்பிக்குப் பக்கத்தில் திணித்தாள்.

"ஏட்டி, அது பிரீனா மேடத்துக்க மீட்டராக்கும்!"

"பிள்ளை ஆருக்க பிள்ளையாம்?"

அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ததேயுஸ் தலையில் மணல் கூடையோடு பின்னாலேயே ஓடினார். வழிநெடுக ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலுக்கு வந்து, இங்கே இறக்காதே என்று கைகாட்டினார்கள்.