சூடாக்கிப் பார்த்த பிள்ளை

அக்கராயனிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள் பௌதிக ஆராய்ச்சி மாணவி. மெலிந்த தேகம், தடித்த கண்ணாடி. பஸ் கம்பியைக்கூடப் புறங்கையால் சூடு பார்த்துத்தான் பிடித்தாள். மடியில் இனிப்பு மணக்கும் ஒரு தொதல் பார்சல்.

“என்ன விசேஷம், பிள்ளை?”

“என்ர ஆராய்ச்சி சரிவந்திட்டுதெண்டு அம்மா எங்கட கம்பஸ் சேருக்குக் குடுத்துவிட்டவா, அன்ரி. பெரோ எலெக்ட்ரிக் எண்டு மின் கடத்தாத ஒரு படலம். மெல்லிசாச் செய்தா இலத்திரன் அதை ஊடுருவிப் போகும். படலத்தின்ர மின்முனை திரும்பினா, போறது கூடும், குறையும். அதைக் கண்டிட்டன் எண்டுதான் நினைச்சனான்.”

“பிறகு?”

“நேற்றுச் சூடாக்கிப் பார்த்தனான். ஊடுருவிப் போனா சூட்டுக்குப் பெரிசா மாறாது. இதில மின்னோட்டம் சூட்டோட கூடிக்கொண்டே போச்சு. படலத்தில எங்கையோ பழுது. அதுக்குள்ளாலதான் மின்சாரம் ஒழுகியிருக்கு.”

“சூடாக்காமல் விட்டிருக்கலாமே?”

“பிறகு வேற ஆரேனும் சூடாக்குவினம், அன்ரி. அதுக்கு முதல் நானே சேரிட்டச் சொல்லிப்போடுறன்.”

“அப்ப தொதல்?”

“அம்மா விடிய எழும்பிக் கிண்டினவா. அவாக்குத்தான் சொல்ல மனம் வரேல்லை.”

இறங்கும்போது பார்சலைப் பிரித்து ஒரு துண்டை என் கையில் வைத்தாள். வெற்றி கொண்டாடிய எத்தனையோ வீடுகளில் இனிப்புத் தின்றிருக்கிறேன். பிழையைச் சொல்லப் போகிற ஒருத்தி தந்து தின்றது அந்த ஒரு துண்டுதான். அதில் இன்னும் இளஞ்சூடு இருந்தது.