பூத்தாங்கீரிக் குஞ்சுகள் அழாத மூன்று நாட்கள்

எனக்கு எட்டு வயதானபோது, கோடை விடுமுறையில், எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. வலியசாலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற எலுமிச்சை மரத்தில் பூத்தாங்கீரிகள் கூடு கட்டியிருந்தன. மலையாளத்துப் பெயர் அது; தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்பார்கள். ஏழெட்டாகச் சேர்ந்து வந்து காய்ந்த இலைகளைப் புரட்டிப்போட்டு, சொத்துத் தகராறு போலக் கத்திக்கொண்டே இருக்குமே, அதுதான். கூட்டில் நான்கு குஞ்சுகள். அவை எப்போது அழுகின்றன, எந்தப் பறவை இரை கொண்டுவருகிறது, எந்த வாய்க்குப் போகிறது என்று பின்கட்டு ஜன்னலில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை.

வேலை கொடுத்தது சித்தி, அம்மாவின் தங்கை. நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு தங்கி எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். குஞ்சுகளின் அழுகைதான் அவளுடைய ஆய்வு. அழுவதை வைத்து ஒரு பட்டம் வாங்கலாம் என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

"இதுல ரெண்டுதாண்டீ அம்மா அப்பா. பாக்கியெல்லாம் அண்ணா, அக்கா, அத்தை மாதிரி. எல்லாமாச் சேந்து வளக்கறதுகள், கேட்டியா" என்றாள் சித்தி. யார் வந்தாலும் குஞ்சுகளுக்கு ஒன்றுதான். சிறகடிப்புக் கேட்டதும் நான்கு வாயும் திறந்துவிடும். பசி அதிகமென்றால் சத்தமும் அதிகம். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் வீடும் அப்படித்தான். சாயங்காலம் அம்மா ஆபீஸிலிருந்து வரும் சத்தம் கேட்டால் போதும், அதற்குக் கால்மணி முன்புதான் தின்று முடித்திருந்தாலும் பசிக்கிறது என்று ஒரு ராகம் இழுப்பேன். அப்பாவிடம் வேறு ராகம். பெரியம்மாவிடம் மட்டும் நான் கேட்டதாக நினைவில்லை. கேட்கும்வரை அவள் விட்டதில்லை. அப்பாவின் அண்ணன் மனைவி அவள். அவளுக்குக் குழந்தை இல்லை. அடுக்களை முழுக்க அவள் பொறுப்பு.

குஞ்சுகள் இரண்டு வாரத்தில் கூட்டைவிட்டுப் போய்விடும். அதற்குள் பத்து நாள் இடைவெளி இல்லாமல் கணக்கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு கூடு தேட வேண்டும், படிப்பு முடிவது தள்ளிப்போகும். அதனால் மரத்தடிக்கு யாரும் போகக்கூடாது, ஒரு பருக்கைகூட வெளியே போடக்கூடாது என்று சித்தி வீட்டில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. நான் அவளுடைய ஆள் அல்லவா.

நாலாவது குஞ்சு மற்றவற்றைவிடச் சின்னது. கூட்டின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அது கழுத்தை நீட்டி வாயைத் திறப்பதற்குள் புழு வேறு வாய்க்குள் போயிருக்கும். என் நோட்டில் அதற்கு நேராகப் பெரும்பாலும் பூஜ்யமாகவே விழுந்துகொண்டிருந்தது. ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாவது நாள் காலை, சித்தி குளிக்கப் போன நேரத்தில், என் தட்டிலிருந்த இட்லியில் ஒன்றைப் பிய்த்து மரத்தை ஒட்டிய மதிலில் வைத்தேன். வாலில்லாத ஒரு பூத்தாங்கீரி முதலில் வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. பெரிய குஞ்சுகளுக்கு வயிறு நிறைந்து, கடைசியில் சின்னதற்கும் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வயிறு நிறைந்தால் குஞ்சுகள் அழாது என்பதை நான் யோசிக்கவில்லை. அன்று நோட்டில் பாதிப் பக்கம்தான் நிரம்பியது. மறுநாள் இரண்டு இட்லி வைத்தேன், கால் பக்கம். மூன்றாம் நாளும் வைத்தேன், காலையில் கூடு ஊமையாகக் கிடந்தது. பாம்பு வந்ததோ, குஞ்சுகளுக்கு நோயோ என்று சித்தி தவித்தாள். பேராசிரியருக்கு போன் போட்டு இங்கிலீஷில் பேசினாள். பேசி முடித்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மதில்மேல் இட்லித் துணுக்கு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

நான் அடுக்களையில் தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். சித்தி துணுக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "யாரு இதைக் கொண்டு போட்டது?" என்றாள். என் வாயிலிருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெரியம்மா அடுப்படியிலிருந்து திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தானாக்கும். மீந்து போச்சு. வெறுதே கொட்டுவானேன்னு போட்டேன்."

"எத்தனை தடவை சொன்னேன் மன்னி! ஏன் இப்படிப் பண்ணினேள்? ஒரு குழந்தையைப் பெத்து வளத்தவாளுக்குத்தான் அழுகைன்னா என்னன்னு தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று சித்திக்கே உறைத்தது. பெரியம்மா இட்லிப்பானையை மூடினாள். நான் வாயில் இருந்ததை விழுங்கினேன்.

அந்த வாரமே சித்தி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஆறு மாதம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். வீட்டு விசேஷங்களில் அவளும் பெரியம்மாவும் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இட்லி வைத்தது யார் என்று சித்திக்கு இன்றுவரை தெரியாது.

அன்று என் கட்சி எனக்குத் தெளிவாகவே இருந்தது. நான் வைத்தது கொஞ்சம். பெரியம்மாவும் போட்டிருக்கிறாள், பெரியவர்கள் போட்டால் நிறையத்தான் போட்டிருப்பார்கள். ஆகவே குஞ்சுகள் அழாமல் போனது அவளால்தான். மதிலில் கிடந்ததெல்லாம் என் விரலால் பிய்த்த துண்டுகள் என்பதோ, அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் இட்லி மீந்ததே இல்லை என்பதோ எனக்குத் தோன்றவில்லை. என் சித்தியை இப்படித் துரத்திவிட்டாளே என்று பெரியம்மாமேல் கோபமாக வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தேன். அவள் எதுவும் கேட்காமல் மூன்று இட்லி வைத்தாள். நான் தின்று முடிப்பதற்குள் நாலாவதையும் வைத்துவிட்டுப் போனாள். கோபம் குறையாமல் அதையும் தின்றேன்.