மீசை வைத்த ஆடு

இபு விகாதி வாழ்நாளில் யாரிடமும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. ஜாவாத் தீவிலுள்ள எங்கள் கிளாத்தனில் இது பெரிய அதிசயமில்லை. பிடிக்காததை நீட்டினாலும் சிரித்தபடி வாங்கி, நைசாக ஓரம் வைப்பதுதான் எங்கள் வழக்கம். இபு அப்படி வைக்கவும் மாட்டார், தின்றே தீர்ப்பார். எந்த விருந்திலும் மூன்றாவது தட்டோடு விழி பிதுங்கி உட்கார்ந்திருப்பார்.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு அவர்தான் ஆசிரியை; எங்கள் ஊரில் ஆசிரியையை 'இபு', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவோம். என் தம்பி டனாரும் அந்த வகுப்பில்தான். பிள்ளைகள் தொட்டுக் கேட்பதற்காகப் பலகையில் பட அட்டைகள் ஒட்டியிருந்தார்: சோறு, தேநீர், ஊஞ்சல். டனார் ஊஞ்சலைத் தொட்டால் ஊஞ்சல் கிடைக்கும். இனிப்புத் தேநீரை நீட்டினால் மட்டும் கோப்பை சுவருக்குப் போகும். இன்னொரு கோப்பை பறந்தால் அவன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

நான் பள்ளியைப் பாதியில் விட்டவன். எனக்கே பலகையில் ஓட்டை தெரிந்தது.

"இபு, இதுல எல்லாமே 'வேணும்'தான். 'வேணாம்' எங்க?"

"அடப்பாவி! குடுக்கறவங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு காட்டுவாங்களாடா?"

"அவன் கோப்பையாலயே காட்டறானே!"

இபு ஒரு வெற்று அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் புல்லைப் பார்த்து முகத்தைத் திருப்பும் ஆடு ஒன்றை வரைந்தேன். தலைமையாசிரியரின் மீசை அதற்குத் தானாக வந்துவிட்டது.

மறுநாள் தேநீர் வந்ததும் இபு டனாரின் விரலை ஆட்டின்மேல் வைத்துவிட்டு, கோப்பையை உடனே எடுத்துக்கொண்டார். அந்த வாரத்துக்குள் அவனே ஆட்டைத் தொட ஆரம்பித்தான். கோப்பை எதுவும் பறக்கவில்லை.

அப்புறம்தான் சோதனை. இபுவுக்குத் தன் குரல்மேல் கொள்ளை ஆசை, தினமும் காலையில் பாடுவார். ஒருநாள் பாட்டின் நடுவில் டனார் எழுந்துபோய் ஆட்டைப் பிய்த்தெடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். வாசலில் அம்மாக்கள், அவர்களுக்குப் பின்னால் அசல் மீசை.

இபுவின் முகம் சிவந்தது.

"சரிடா கண்ணு. நிறுத்திட்டேன்."

டனார் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தான். தலைமையாசிரியர் அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். "பையன் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் இபு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுடா. சின்னதா, கைப்பையில போறாப்பல."

போன வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மூன்றாவது தட்டு வந்தபோது ஆடு வெளியே வந்தது. வீட்டுக்கார அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். அந்தத் தட்டு என்னிடம் வந்தது. என்னிடம் ஆடு இல்லை.