சுடலைமுத்து பிடித்த பந்து

உடம்பில் சூடு ஏறிக் கண் எரிகிறது என்று சொன்னதுதான் தாமதம், குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மனைவி விரட்டிவிட்டாள். பர்மாவிலிருந்து நம்மவர்கள் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தார்களே, அதற்கு மறு வருஷம் ஆடி மாதம். திருநெல்வேலியில் காலை ரயிலைப் பிடித்துத் தென்காசியில் இறங்கினேன். அங்கிருந்து அருவிக்கு மூன்று மைல் சொச்சம். குதிரை வண்டிக்குப் பத்தணா கேட்டார்கள். வாதாடி எட்டணாவுக்குப் படிய வைத்தேன். யுத்தத்தைச் சாக்குச் சொல்லி எதற்குத்தான் விலை ஏற்றவில்லை!

வண்டிக்காரர் பெயர் சுடலைமுத்து. ரங்கூனில் மூட்டை தூக்கியவர். வழியெல்லாம் தங்கை புருஷன் சங்கரனைப் பற்றியே பேச்சு. பர்மாவிலிருந்து நடந்து வருகையில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று சங்கரன் மன்றாடியிருக்கிறான். தங்கினால் எல்லோரும் சாவோம் என்று இவர் அவளை நடக்க வைத்திருக்கிறார். அவள் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு சங்கரன் இவர் முகம் பார்த்துப் பேசவே இல்லையாம். அன்று மாலை பஸ்ஸில் செங்கோட்டை வழியாக மலையாளத் தேயிலைத் தோட்டத்துக்கு அவன் வேலைக்குப் புறப்படுகிறான்.

"போகுததுக்கு முன்ன மாப்பிள ஒரு வார்த்த பேசிட்டான்னா போதும் அண்ணாச்சி" என்றார்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றேன். கண்ணெரிச்சல் போன இடம் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வண்டியைத் தேடிப் போனால், பஸ் நிற்கும் இடத்தருகே, தூறலில், சுடலைமுத்துவும் சங்கரனுமாக ரங்கூனிலிருந்து வந்த ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்பில் பின்னிய பந்து ஒன்றைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மாக்காரர்களிடம் கற்ற விளையாட்டு. ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. பந்து கீழே விழுந்தாலும் குற்றமில்லை; அனுப்பியவரே எடுத்து அதே ஆளுக்கு மறுபடி தட்டித் தருவார். கை மட்டும் படக்கூடாது. பட்டால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி.

சங்கரன் மற்ற நாலு பேருக்கும் மாற்றி மாற்றித் தட்டினான். சுடலைமுத்துவின் பக்கம் மட்டும் ஒரு தடவைகூடப் பந்து போகவில்லை. அந்த மனுஷர் அப்போதும் காலைத் தயாராக வைத்துக்கொண்டே நின்றார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பஸ் ஹாரன் அடித்தது. சங்கரன் திரும்பினான். வந்த பந்தை முழங்காலில் வாங்கி, மெதுவாக, சுடலைமுத்துவை நோக்கி உயர்த்திவிட்டான். இவரோ எட்டிப் பாய்ந்து, தொட்டிலிலிருந்து நழுவும் பிள்ளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கை பட்டுவிட்டது; ஆட்டம் முடிந்தது. சங்கரன் சற்று நேரம் நின்றான். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

வண்டி திரும்பித் தென்காசி மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டது. சுடலைமுத்து குதிரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "கீழ விழுந்திரக் கூடாதேன்னு பிடிச்சிட்டேன் அண்ணாச்சி. விழுந்திருந்தா, அவன் எடுத்து மறுபடியும் எனக்குத்தான தட்டியிருப்பான்."

அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

குற்றாலம் போகிறவர்கள் மாற்று வேஷ்டி இரண்டாவது எடுத்துப் போங்கள். சாரலில் எதுவும் காயாது. காலையிலேயே அருவிக்குப் போய்விட்டால் நெரிசல் இல்லை. தென்காசி ஸ்டேஷனில் சுடலைமுத்துவின் வண்டி கிடைத்தால் யோசிக்காமல் ஏறுங்கள், நல்ல குதிரை. இருக்கைக்கு அடியில் ஒரு பிரம்புப் பந்து உருண்டுகொண்டே வரும். அது என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.