மண்ணுளிப் பாம்பும் கோவிந்தம்மாளின் கையும்

மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்று உங்களுக்குச் சொன்னது யார்? அது நக்கியதை அவர் கண்ணால் பார்த்தாரா?

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த கோவிந்தம்மாளின் ஊரில் யாரும் இதைக் கேட்கவில்லை. 1983இல் அவள் மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைச் செடி, பிடுங்கியபோது புரண்ட மண்ணிலிருந்து ஒரு மண்ணுளி வெளியே வந்தது. தலையும் வாலும் ஒன்றுபோல் மொண்ணையாக இருக்கும் சோம்பேறிப் பாம்பு அது. விஷம் கிடையாது. மண்ணுக்குள் பதுங்கிக் கிடந்து, எலி வந்தால் சுற்றி இறுக்கித் தின்னும். கோவிந்தம்மாள் அதை வெறுங்கையால் எடுத்து வரப்போரம் விட்டாள். பத்தாவது நாள் முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று கண்ணில் பட்டது.

“இன்னாடி, வெள்ளக்கார துரைசானி ஆவப் போறியா?” என்று உடன் வேலை செய்த வீரம்மாள் கிண்டலடித்தாள். அடுத்த வாரம் கிண்டல் நின்றது. பாம்பு நக்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

குஷ்டக் கிருமி உடம்பில் புகுந்து தேமலாக வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். பத்து நாளில் பாம்பு எங்கிருந்து கொடுக்கும்? யோசிக்க ஒருவருக்கும் மனமில்லை; கோவிந்தம்மாளுக்கும்தான். வியாதி என்றால் நிலத்துக்காரர் வேலைக்குக் கூப்பிட மாட்டார். பாம்பு நக்கியது என்றால் பரிதாபமாவது மிஞ்சும். ஊர் ஊராகத் தேமல் பார்க்கச் சைக்கிளில் வந்த அரசுத் தொழுநோய் ஊழியரைக் கண்டதும் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

மண்ணுளியை எரித்த சாம்பலைப் பூசச் சொன்னார் ஒரு வைத்தியர். அவள் கணவர் சின்னக்கண்ணு வரப்பை வெட்டி மூன்று பாம்புகளைக் கொன்றார். ஒன்றின் வயிற்றில் ஏழு குட்டிகள் இருந்தன. மண்ணுளி முட்டையிடாது, குட்டிதான் போடும். அத்தனையும் எரிந்து அவள் கைக்குப் பூச்சானது.

ஒருநாள் கேப்பைக் களிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போது உள்ளங்கை பொசுங்கியது. நாற்றம் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று வீரம்மாள் கெஞ்சினாள்.

“வலியே இல்லக்கா. வலிக்காத கைக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?”

வலிக்காததுதான் நோய். அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஊழியரிடம் அவள் கையைக் காட்டவே இல்லை.

விரல்கள் மடங்கிய பிறகு, 1986இல் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை வாங்கினாள். காசு கேட்கவில்லை. கிருமி செத்தது. அதற்குள் மடங்கிப்போயிருந்த சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிரவில்லை. அந்தக் கையால் விதைக்கு மல்லாட்டை உடைக்க முடியாது என்று அடுத்த விதைப்பில் அவளைக் களத்திலிருந்து எழுப்பி அனுப்பினார்கள்.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாருக்காவது வெளிறிய தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழி இறகால் அதை வருடுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் அன்றைக்கே பஸ் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.