சனிக்கிழமை எண்ணெய் குடித்த ரீல்

என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கிற ஒரு பழைய மீன்பிடி ரீல் இருக்கிறது. கறுப்புச் சாயம் போன இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் காபிக்கொட்டை அரைக்கிற சாமானா என்று கேட்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போது கொடைரோடு ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் என் அப்பா எங்கள் குவார்ட்டர்ஸ் படியை மிதிக்கவில்லை. தன் தங்கை மகனுக்கு என்னைக் கொடுக்க நினைத்திருந்தவர், அம்மா பிடித்த பிடியில்தான் இந்த வரனுக்குத் தலையாட்டினார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். அவருக்கு அம்பாத்துரைப் பக்கம் பூந்தோட்டம். மதுரைக்குப் பூக்கூடையோடு போகும்போது வண்டி எங்கள் ஸ்டேஷனில் நிற்கும். மனிதர் முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வார். எனக்கு அடுப்படியில் நின்று அழுகை அழுகையாக வரும். இவரோ சிரிப்பார். "ஒங்கப்பாவுக்குத் தூண்டில்னா உசுருன்னு சொன்னேல்ல? எரையப் போட்டா தானா வருவாரு, விடு" என்பார்.

அந்தச் சமயத்தில் மலையிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தன் தட்டுமுட்டுச் சாமான்களை ஸ்டேஷனிலேயே விற்றார். அதில் இரண்டு ரீல்கள். ஒன்று வெள்ளிக் கிண்ணம் போலப் பளபளத்தது, மற்றது இந்தக் கறுப்பு. நான் பளபளப்பைக் கை காட்டினேன். இவர் மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார் மாதிரி இரண்டையும் சோதித்தார். கைப்பிடியை ஆட்டினார், பளபளப்பு லொடலொடத்தது. காதோடு வைத்து மெதுவாகச் சுற்றினார். பளபளப்புக்குள் மணல் நெரிபட்டது. கறுப்பு மூச்சு விடவில்லை. அதன் கம்பி வளையத்தைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் டக்கென்று மூடிக்கொண்டது. முன்னால் இருந்த திருகைத் தளர்த்தி நரம்பை இழுத்தால் திக்காமல் ஒரே சீராக வந்தது. "மினுக்குறது ஷோகேஸுக்கு. இதுதான் வேலைக்கு ஆகும்" என்று கறுப்பை எடுத்துக்கொண்டார்.

அம்புட்டுப் பார்த்து வாங்கினவர் பராமரிப்பில் கோட்டை விட்டார். வாரம் ஒருமுறை எண்ணெய் போடு என்று துரை சொல்லிவிட்டுப் போனாராம். என்ன எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை எண்ணெய் என்றால் எங்கள் ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்? சனிக்கிழமைதோறும் மிளகும் சீரகமும் போட்டு நான் காய்ச்சித் தந்த நல்லெண்ணெயைத் தன் உச்சந்தலையில் வைத்த கையோடு ரீலுக்கும் வைத்தார். அதற்கு வெயில்கூடக் காட்டினார். சீயக்காய்தான் பாக்கி. தையல் மிஷின் எண்ணெய் அதே ஜன்னலில் இருந்தது. இருவருக்குமே அது தோன்றவில்லை.

அம்மா மூலம் சேதி போயிற்று. சீமை ரீல் என்ற சொல் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தது. வாசலோடு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். "இல்ல தாயி, ரீலப் பாத்துட்டு அடுத்த வண்டிக்குப் போறேன்" என்றார். நான் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. இவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு அவரைக் குளத்துக்கு அழைத்துப்போனார்.

குளத்தில் நடந்ததை இருவரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நல்ல விரால் ஒன்று மாட்டியது என்பதில் மட்டும் ஒற்றுமை. மாட்டிய நேரம் பார்த்து ரீல் இறுகிக்கொண்டது. கைப்பிடி அசையவில்லை. அப்பா தண்ணீரில் இறங்கி நரம்பைக் கையால் இழுக்க, அவர் விழாமல் இவர் இடுப்பைப் பிடிக்க, விரால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. இடுப்புவரை சேறோடு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

"கிரசாயில் இருக்கா தாயி?" என்று கேட்டுக்கொண்டே அப்பா சேற்றுக் காலோடு நேரே உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வாசலைத் தாண்டியது அவருக்கே தெரியவில்லை. நான் மூச்சுக் காட்டாமல் மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்தேன். ரீலைத் திறந்தால் பல்சக்கரமெல்லாம் பழுப்புப் பிசின். பல்லுக்கு நடுவில் ஒரு சீரகம். அதை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன மாப்ள இது? ரீலா, ரசச் சட்டியா?"

அவர் வாயிலிருந்து 'மாப்ள' வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு இருவரும் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகக் கழுவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மாட்டினார்கள். அதற்குள் அடுத்த வண்டியும் போய்விட்டது, அதற்கடுத்ததும் போய்விட்டது. "வெஞ்சனம் என்ன தாயி?" என்றார் அப்பா. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயைத் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. அதையே கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பார்த்தால் கம்பி வளையம் மூடவில்லை. உள்ளே இருந்த குட்டி ஸ்பிரிங்கைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். அடுத்த சனிக்கிழமை அப்பா வந்து, மடியை அவிழ்த்து அதை எடுத்து வைத்தார். "என்னமோ மடியோட வந்துருச்சு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. இவரும் சிரிக்காமல் வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு அப்பா வந்துபோன ஒவ்வொரு தடவையும் அந்த ரீலில் ஏதாவது ஒன்று குறைந்தது. ஒரு திருகாணி, ஒரு வாஷர், எதுவும் கிடைக்காவிட்டால் கைப்பிடியின் குமிழ். அதைத் திருப்பிக் கொடுக்கவென்று அடுத்த சனிக்கிழமை வந்துவிடுவார். இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இருவரும் போய் வருஷங்கள் ஆகின்றன. போன வாரம் ரீலைத் திறந்து துடைத்து எண்ணெய் விட்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.