கிடைத்தது என்று ஒரு வார்த்தை

பெஹாலாவில் ஒரு தமிழரின் டிபன் கடைக்கு வெப்ஹுக் அமைத்துக் கொடுத்தேன். ஆன்லைனில் ஆர்டர் விழுந்ததும், மென்பொருள் சமையலறைப் பிரிண்டருக்குத் தானாகவே தகவல் சொல்லும் ஏற்பாடு அது.

முதல் ஆர்டர், ஒரு மசால் தோசை. பிரிண்டரில் ஐந்து சீட்டு வந்தது. கடைக்காரர் ஐந்தையும் வார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, ஒரே வீட்டுல இருந்து தனித்தனியாவா கேப்பாங்க?"

தேடிப் பார்த்தேன். தகவல் வந்ததும் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பும் வரியை நான் எழுதவே இல்லை. போய்ச் சேரவில்லை என்று நினைத்து, மென்பொருள் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது.

"சரி விடு, சூடா இருக்கு. உக்காந்து சாப்பிடு," என்று ஒரு தோசையை என் முன்னால் வைத்தார்.

கைபேசி அதிர்ந்தது. மதுரையிலிருந்து அக்கா. காலையிலிருந்து அதே கேள்வி, மூன்றாவது முறை: "சாப்டியாடா?" முதல் முறையே படித்துவிட்டிருந்தேன்.

இடது கையால், "சாப்பிடுறேன்க்கா" என்று தட்டினேன்.

அன்று அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை.